ஸ்பீக்கரில் போடக்கூடிய பேச்சு

பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஒரு சேதி போக வேண்டுமானால், சில ஆண்டுகளுக்கு முன்புவரை அதைச் சுமந்து போனது பிள்ளைதான். ஹோம்வொர்க் டைரியில் சிவப்பு மையால் நாலு வரி எழுதி, "அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா" என்பார் டீச்சர். பிள்ளை தயங்கித் தயங்கி நீட்டும். அப்பா படிப்பார், அம்மா எட்டிப் பார்ப்பார், பாட்டி "என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று கேட்பார். ஒரு மாணவரைப் பற்றி ஆசிரியர் எழுதிய நாலு வரியை வீடே படித்தது.

இன்று அந்த நாலு வரி செல்போனில் போகிறது. எழுதிய நொடியில் போய்ச் சேர்கிறது, வழியில் தொலைவதில்லை, போலிக் கையெழுத்துக்கு இடமில்லை. ஆனால் டைரிக்கு இருந்த ஒரு குணம் போனுக்கு இல்லை. டைரியை வீட்டில் யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். போனுக்குப் பூட்டு உண்டு. ஆசிரியர் மாணவருக்கு மெசேஜ் அனுப்பலாமா, எந்த நேரத்தில், எதைப் பற்றி, எதுவரை என்று இன்று எழும் கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே இந்தப் பூட்டைச் சுற்றித்தான் வருகின்றன.

எப்போது இவ்வளவு பரவியது?

கொரோனாவுக்கு முன்பே நகரத்துத் தனியார் பள்ளிகளில் கிளாஸ் குரூப்கள் இருந்தன. எல்லாப் பள்ளிக்கும் அவை வந்தது 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகுதான். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி ஒரு பக்கம் பாடம் நடத்தியது. மறுபக்கம், ஒவ்வொரு ஆசிரியரும் தன் சொந்த எண்ணிலிருந்து ஒரு வாட்ஸ்அப் குரூப்பைத் தொடங்கி, வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்துப் போட்டார். தமிழ்நாட்டில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்றும், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் நவம்பர் 1 அன்றும் திறந்தன. பள்ளி திறந்த பிறகும் குரூப் மூடப்படவில்லை.

கிராமப்புறக் கல்வி நிலையை ஆராயும் ஏசர் அறிக்கை இந்த மாற்றத்தை எண்ணிக்கையில் காட்டுகிறது. இந்திய அளவில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவை 2018-ல் 36.5 சதவீதம். 2021-ல் அது 67.6 சதவீதம் ஆனது. அதே 2021 அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தும் அதைப் பயன்படுத்தக் கிடைக்காத பிள்ளைகள் 26.1 சதவீதம். போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அல்லது அண்ணன் கையில் இருக்கும்.

இதை ஆசிரியர்கள் மனதில் வைக்க வேண்டும். "குரூப்ல போட்டேனே, பார்க்கலையா?" என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளையிடம் பதில் இருக்காது. குரூப்பில் போட்டதால் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஆகாது.

மெசேஜ் அனுப்புவதால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் எப்படி அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்காவில் மேத்யூ கிராஃப்ட், டாட் ரோஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். பாடத்தில் தவறிய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கோடை விடுமுறையில் அதே பாடத்தை மறுபடி படித்துத் தேறும் வகுப்பில் அது நடந்தது. வாரம் ஒருமுறை, மாணவரைப் பற்றி ஆசிரியர் எழுதிய ஒரே ஒரு வரி பெற்றோருக்குப் போனது. 2015-ல் வெளியான முடிவுப்படி, தேறாமல் போனவர்களின் விகிதம் 15.8 சதவீதத்திலிருந்து 9.3 சதவீதமாகக் குறைந்தது. "உங்கள் பையன் நன்றாகப் படிக்கிறான்" என்ற வரியைவிட, "இந்த வாரம் இரண்டு வீட்டுப்பாடம் பாக்கி வைத்திருக்கிறான், அதை முடிக்கச் சொல்லுங்கள்" என்கிற மாதிரி வரி கூடுதலாக உதவியது. பெற்றோர் பிள்ளையோடு பேச அதில் ஒரு பிடி கிடைக்கிறது.

இன்னொரு சோதனை ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் 2020-ல் நடந்தது. பள்ளிகள் மூடியிருந்த நேரம். 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் உள்ள சுமார் 4,500 குடும்பங்கள். சில வீடுகளுக்கு வாரம் ஒரு கணக்கு எஸ்எம்எஸ்-ஸில் போனது. வேறு சில வீடுகளுக்கு எஸ்எம்எஸ்-ஸோடு வாரம் ஒரு போன் காலும் போனது. வெறும் எஸ்எம்எஸ் போன வீடுகளில் பெரிய மாற்றம் இல்லை. காலும் சேர்ந்து போன வீடுகளில் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள்.

அந்த போன் கால் எப்படி நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். அழைத்தவர் நேராகப் பிள்ளையிடம் பேசவில்லை. பெற்றோரை அழைத்து, பிள்ளையைக் கூப்பிடச் சொல்லி, போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். பாடம் இருவர் காதிலும் விழுந்தது. விலை மலிவான பட்டன் போனிலும் இருக்கிற இந்த ஸ்பீக்கர் வசதி, ஆசிரியர் மாணவர் தொடர்பில் எழும் பாதிச் சிக்கலுக்கு விடை. இக்கட்டுரையில் நாம் திரும்பத் திரும்ப அதற்கே வருவோம்.

எஸ்எம்எஸ்-ஸா, குரூப்பா, பிராட்காஸ்டா?

எல்லாமே மெசேஜ்தான் என்றாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்கிறது.

*எஸ்எம்எஸ்:* நெட் வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். மழை விடுமுறை, பஸ் தாமதம், பிள்ளை இன்று வரவில்லை என்பது போன்ற அவசரச் செய்திகளுக்கு இன்றும் இதுவே நம்பகமானது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்-ஸில் 160 எழுத்து அடங்கும். தமிழில் 70 இடம்தான். அதிலும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். 'நாளை பள்ளிக்கு விடுமுறை' என்ற மூன்று சொல்லுக்கே 23 இடம் போய்விடுகிறது. நீளமான தமிழ்ச் செய்தி இரண்டு மூன்று எஸ்எம்எஸ்-ஸாக உடைந்து, அத்தனைக்கும் பள்ளி காசு கட்ட வேண்டியிருக்கும். பல பள்ளிகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைப் படிக்கத் திணறும் பெற்றோர் உண்டு. சுருக்கமாக எழுதித் தமிழிலேயே அனுப்புவது நல்லது.

*வாட்ஸ்அப் குரூப்:* எல்லோரும் பேசலாம், படம் போடலாம். ஆனால் சாதாரணக் குரூப்பில் ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு என்றால், ஒரு மாணவியின் எண் முன்பின் தெரியாத முப்பத்தொன்பது வீடுகளுக்குப் போய்விடுகிறது. 'அட்மின் மட்டும் அனுப்பலாம்' என்று அமைத்துவிட்டால் குட் மார்னிங் பூக்களும் ஃபார்வர்டுகளும் நிற்கும். எண் வெளியே தெரிவது மட்டும் நிற்காது.

*பிராட்காஸ்ட் லிஸ்ட்:* ஒரே செய்தி 256 பேருக்கு வரை தனித்தனியாகப் போகும். யாருக்கும் யார் எண்ணும் தெரியாது. ஒரே நிபந்தனை, பெற்றோர் ஆசிரியரின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருக்க வேண்டும். சேமிக்காதவருக்குச் செய்தி போகாது.

*கம்யூனிட்டி அறிவிப்புக் குரூப்:* அட்மின் மட்டும் பேசும் இடம். உறுப்பினர்களின் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்கு மறைந்திருக்கும். பெரிய பள்ளிகளுக்கு இது பொருந்தும்.

வாட்ஸ்அப் கணக்கு வைத்துக்கொள்ள அந்த நிறுவனத்தின் விதிப்படி 13 வயது ஆகியிருக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பெயரிலேயே ஒரு எண்ணைக் கேட்டு வாங்கிக் குரூப்பில் சேர்ப்பது அந்த விதிக்கே முரண். சிறு வகுப்புகளில் பெற்றோர் எண் மட்டுமே குரூப்பில் இருக்க வேண்டும்.

இங்கே நம் வீடுகளின் நடைமுறை ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் வாட்ஸ்அப்பை இயக்குவது பெரும்பாலும் பிள்ளைதான். "அம்மா, ஸ்கூல்ல இருந்து மெசேஜ்" என்று படித்துக் காட்டுவதும் அது, படிக்காமல் அழித்துவிடுவதும் அது. அம்மாவுக்கு எழுதுவதாக நினைத்து டீச்சர் எழுதுவது பிள்ளைக்கே போய்ச் சேர்கிறது. அந்த வீடுகளுக்கு எழுத்தைவிட வாய்ஸ் நோட் நல்லது. அதைவிட நல்லது, மாதம் ஒருமுறை நேரடியாக ஒரு போன் கால்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

குரூப்பிலிருந்து நழுவித் தனி மெசேஜுக்குப் போகும் இடத்தில். தனி மெசேஜ் எல்லாமே தப்பா என்றால், இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி இரவில் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு கேட்கிறாள், ஆசிரியர் விடையைப் படம் எடுத்து அனுப்புகிறார் என்றால் அதில் பழுது இல்லை. அப்படியானால் எது எல்லை?

இதற்கு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறது. அங்கே ஆசிரியர்களுக்கான ஒழுக்க விதிகளில், மாணவருடன் செல்போன், குறுஞ்செய்தி, மின்னஞ்சல், சமூக ஊடகம் வழியாகத் தகாத முறையில் தொடர்புகொள்ளக் கூடாது என்று ஒரு விதி உண்டு. தகாதது எது என்று முடிவுசெய்ய எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் அந்த விதியே சொல்கிறது. அந்தத் தொடர்பின் தன்மை என்ன, நோக்கம் என்ன, எந்த நேரத்தில் நடந்தது, எவ்வளவு நடந்தது, எதைப் பற்றிப் பேசப்பட்டது, வெளிப்படையாக நடந்ததா மறைக்க முயன்றாரா, காதலுக்கோ உடலுறவுக்கோ அழைப்பதாகப் பொருள்படுமா, தோற்றக் கவர்ச்சியைப் பற்றிய பேச்சு வந்ததா என்று வரிசையாகக் கேட்கிறது.

இதை நம் ஊர் மெசேஜ்களுக்குப் பொருத்திப் பாருங்கள். "நாளைக்கு ரெக்கார்டு நோட்டு கொண்டு வா" என்பதில் நோக்கம் தெளிவு. அதே ஆசிரியர் அதே மாணவிக்கு இரவு பதினொரு மணிக்கு "தூங்கிட்டியா?" என்று கேட்டால், ஒரு கெட்ட வார்த்தைகூட அதில் இல்லை, ஆனால் நேரம் தப்பு, நோக்கமும் இல்லை. "டிபி சூப்பர்" என்பது தோற்றத்தைப் பற்றிய பேச்சு. "இன்னைக்கு ஏன் டல்லா இருந்தே?" என்பது ஒருமுறை கேட்டால் அக்கறை. தினமும் தனியாக, ஒரே பிள்ளையிடம் மட்டும் கேட்டால் வேறு.

பிள்ளைகளை வளைக்க நினைப்பவர் முதல் நாளே ஆபாசமாக எழுதுவதில்லை. பாடச் சந்தேகத்தில் தொடங்கி, பாராட்டுக்குப் போய், "உன்னை உன் வீட்ல யாரும் புரிஞ்சுக்கல" என்று பரிவுக்குப் போய், ரகசியத்தில் நிற்பார். எந்தப் படியில் இருந்தாலும் அவரைக் காட்டிக்கொடுக்கும் ஒரு வாக்கியம் உண்டு: "இதை யார்கிட்டயும் காட்டாதே, படிச்சதும் டெலிட் பண்ணிடு." பாடம் சம்பந்தமான எந்தச் செய்திக்கும் இந்த வாக்கியம் தேவைப்படாது. 24 மணி நேரத்தில் தானாக மறையும்படி மெசேஜை அமைத்து வைப்பதும் இதே வகைதான்.

அப்படியானால் சோதனை எளிது. இந்த மெசேஜை அந்தப் பிள்ளையின் வீட்டுக் கூடத்தில், அம்மா அப்பா உட்கார்ந்திருக்கும்போது, ஸ்பீக்கரில் போட்டுப் படித்தால் ஆசிரியருக்குக் கூசுமா? கூசாது என்றால் அனுப்பலாம்.

ஸ்பீக்கர் வேறு, ஒலிபெருக்கி வேறு

வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டு எதிர்ப்பக்கம் விழுகிற பள்ளிகளும் உண்டு. மாதத் தேர்வு மதிப்பெண் பட்டியலை முழுவதுமாகக் குரூப்பில் போடுவது, ஃபீஸ் கட்டாதவர்களின் பெயரை வரிசையாக எழுதுவது, தப்பாக எழுதிய விடைத்தாளைப் படம் எடுத்துப் போட்டு "இதைப் பாருங்க" என்று சிரிப்பது எல்லாம் இந்த வகை. முன்பு வகுப்பில் நாற்பது பேர் முன்னால் நடந்த அவமானம் இப்போது எண்பது பெற்றோர் முன்னால், அழியாத எழுத்தில் நடக்கிறது.

ஒரு பிள்ளையைப் பற்றிய செய்தி அந்த வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியலாம், தெரிய வேண்டும். தெருவுக்குத் தெரியத் தேவையில்லை. மதிப்பெண், கட்டணம், உடல்நிலை, வீட்டுச் சூழல் ஆகிய நான்கும் எந்தக் குரூப்பிலும் வரக் கூடாதவை.

மொத்தமாகத் தடை போட்டுவிட்டால்?

அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 2011-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இளவயதில் தன் ஆசிரியரால் பாதிக்கப்பட்ட ஏமி ஹெஸ்டர் என்பவரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மற்றவர் பார்க்க முடியாத தனித் தொடர்புக்கு இடம்தரும் இணையதளங்களில் ஆசிரியரும் மாணவரும் தொடர்பு வைக்கக் கூடாது என்றது அதன் ஒரு பிரிவு.

நோக்கம் நல்லதுதான். ஆனால் ஆசிரியர் சங்கம் நீதிமன்றம் போனது. தன் சொந்தப் பிள்ளையே அதே பள்ளியில் படித்தால் அதனோடுகூடத் தொடர்பு வைக்கக் கூடாதா என்ற கேள்வியும் எழுந்தது. ஆகஸ்ட் இறுதியில் நீதிபதி அந்தப் பிரிவுக்கு இடைக்காலத் தடை விதித்தார். பேச்சுரிமையையே அது முடக்கிவிடும் என்பது அவர் கவலை. சில வாரங்களில் சட்டமன்றமே அந்தப் பிரிவை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பள்ளி வாரியமும் தனக்கான விதிமுறையை எழுதிக்கொள்ள வேண்டும் என்று மாற்றியது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. முழுத் தடை நல்ல ஆசிரியரின் கையைத்தான் முதலில் கட்டும். கெட்ட எண்ணம் உள்ளவர் வேறு ஆப்புக்குப் போய்விடுவார். எழுதி வைத்த, எல்லோருக்கும் தெரிந்த, பள்ளி அளவிலான விதிமுறைதான் நிலைக்கும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கண்ணில், 18 வயது நிறையாத யாரும் குழந்தைதான். 2012-ல் வந்த இச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்ப நேரிலோ மின்னணு வழியிலோ தொடர்புகொள்வதையும் பாலியல் துன்புறுத்தல் என்கிறது. தொட்டால்தான் குற்றம் என்றில்லை, மெசேஜே குற்றமாகலாம். 12-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும், பாலியல் நோக்கத்தோடு குழந்தைகளை இணைய உறவுக்கு இழுப்பதைத் தண்டிக்கிறது.

பள்ளி நிர்வாகங்கள் கவனிக்க வேண்டியது 19-ஆம் பிரிவு. குற்றம் நடந்தது என்று தெரிந்தவர், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவர், யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். "ஸ்கூல் பேர் கெட்டுடும், உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்" என்று நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மூடி மறைத்தால், 21-ஆம் பிரிவின்படி அவருக்கே ஓராண்டு வரை சிறை.

2021 மே மாதம் சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர் மீது மாணவியர் அடுக்கடுக்காகப் புகார் சொன்னபோது, ஆன்லைன் வகுப்பும் தனி மெசேஜும்தான் பேச்சின் நடுவில் இருந்தன. அதன் பிறகு ஆன்லைன் வகுப்புகளைப் பதிவுசெய்ய வேண்டும், பெற்றோர் பிரதிநிதிகளும் இருக்கும் குழு அவற்றை அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது. பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கச் சொன்னது. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி வைக்கப்பட்டது. உங்கள் பள்ளியில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கல்லூரிக்கு வந்தால் மாணவர் வயதுவந்தவர் ஆகிவிடுகிறார். ஆனாலும் இன்டர்னல் மார்க் பேராசிரியர் கையில் இருக்கும்வரை இருவரும் சமமில்லை. கல்லூரிகளில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2015-லேயே விதி வகுத்திருக்கிறது. மெசேஜ் சம்பந்தமான புகாரையும் அங்கே கொடுக்கலாம்.

ஆசிரியருக்கும் வீடு உண்டு

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு ஆசிரியர்களையே சந்தேகத்தோடு பார்க்க வேண்டாம். அவர்கள் பக்கத்தில் வேறொரு குறை இருக்கிறது. பள்ளி போன் வாங்கித் தருவதில்லை. சொந்த எண், சொந்த டேட்டா, சொந்த நேரம். இரவு பத்து மணிக்கு "மிஸ், நாளைக்கு என்ன டெஸ்ட்?" என்று ஒரு அம்மா கேட்பார். புளூ டிக் விழுந்தும் பதில் வரவில்லை என்றால் மறுநாள் கேட்டில் நின்று சண்டை போடுவார். டீச்சரின் டிபி-யை எடுத்துச் சில்மிஷம் செய்யும் மாணவர்களும் உண்டு. பொய்ப் புகார் வந்தால் தனி மெசேஜ் அனுப்பிய ஆசிரியரிடம் தன்னைக் காக்கும் சாட்சியும் இருக்காது.

ஆகவே வெளிப்படைத்தன்மை பிள்ளைக்கு மட்டும் காவல் என்று நினைக்கக் கூடாது. பெற்றோரும் இருக்கும் இடத்தில் எழுதிய ஆசிரியருக்கு அந்தக் குரூப்பே சாட்சி.

ஆசிரியர் கடைப்பிடிக்கக்கூடியவை

ஒன்று, பள்ளி அலுவலுக்கென்று தனி சிம் இருந்தால் நல்லது. அதில் குடும்பப் படங்கள் டிபி-யாக வேண்டாம்.

இரண்டு, நேரம் குறித்துச் சொல்லிவிடுங்கள். "மாலை ஏழரை வரை பதில் சொல்வேன், பிறகு மறுநாள்தான்" என்று ஆண்டின் முதல் பேரண்ட்ஸ் மீட்டிங்கிலேயே சொன்னால் பிறகு மனத்தாங்கல் வராது.

மூன்று, மாணவர் தனியாகக் கேட்டால் விடையைக் குரூப்பில் போடுங்கள். ஒருவர் சந்தேகம் பத்துப் பேருக்கும் இருக்கும். தனியாகவே சொல்ல வேண்டியிருந்தால் பெற்றோர் எண்ணுக்கு அனுப்புங்கள்.

நான்கு, மாணவர்களின் ஸ்டேட்டஸுக்கும் டிபி-க்கும் இதயம் போடுவதை விட்டுவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் படிக்கும் பிள்ளைகளின் ஃபாலோ கோரிக்கைகளை ஏற்க வேண்டாம். படித்து முடித்து வெளியேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து, எதையும் அழிக்க வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் ஒரு விதிவிலக்கு உண்டு. தேர்வு முடிவு நேரத்தில் நள்ளிரவில் ஒரு பிள்ளை "எனக்கு வாழவே பிடிக்கல சார்" என்று எழுதினால், ஏழரை மணி விதியை எடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே பேசுங்கள். பேசிக்கொண்டே, வேறு போனில் பெற்றோரையோ தலைமை ஆசிரியரையோ எழுப்புங்கள். 104 அல்லது 14416 என்ற எண்ணில் ஆலோசகர் கிடைப்பார். வீடே அந்தப் பிள்ளையின் துன்பத்துக்குக் காரணம் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று பிள்ளை கெஞ்சினாலும், உயிர் சம்பந்தப்பட்ட ரகசியத்தை ஆசிரியர் தனியாகச் சுமக்கக் கூடாது.

பெற்றோர் செய்யக்கூடியவை

பிள்ளையின் போனைப் பிடுங்கிப் பார்ப்பது வேறு, பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பது வேறு. பிடுங்கிப் பார்க்கும் வீட்டில் பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்ளும். "இன்னைக்கு குரூப்ல என்ன போட்டாங்க?" என்று தினமும் சாதாரணமாகக் கேட்கும் வீட்டில், ஏதாவது கோணலாக வந்தால் பிள்ளையே எடுத்துக் காட்டும்.

வாட்ஸ்அப்பில் தன்னை யார் குரூப்பில் சேர்க்கலாம், தன் டிபி-யை யார் பார்க்கலாம் என்பதை நாமே தீர்மானிக்கும் அமைப்பு இருக்கிறது. இரண்டையும் 'என் காண்டாக்ட்ஸ் மட்டும்' என்று மாற்றிவையுங்கள்.

ஒருநாள் பிள்ளை ஒரு மெசேஜைக் கொண்டுவந்து காட்டுகிறது, படித்ததும் உங்களுக்குத் திக்கென்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில், "நீ ஏன் பதில் அனுப்பினே?" என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "காட்டினியே, நல்ல வேலை பண்ணினே" என்று சொல்லுங்கள். மெசேஜை அழிக்காமல், எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்த ஆசிரியருக்குப் போன் செய்து திட்டாதீர்கள். அவர் தன் பக்கத்து மெசேஜ்களை அழிக்க அது நேரம் கொடுத்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டைப் பெற்றோர் குரூப்பில் போடாதீர்கள். அது உங்கள் பிள்ளையின் பெயரையும் ஊருக்குச் சொல்லிவிடும். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் வெளியே வரக் கூடாது என்பது போக்சோ சட்டத்தின் விதியும்கூட. பள்ளியின் பாதுகாப்புக் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். விஷயம் பாலியல் தொடர்பானது என்றால் பள்ளியின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம்.

இரண்டு உதவி எண்களை இன்றே எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள், பிள்ளை கண்ணில் படும் உயரத்தில். குழந்தைகள் உதவி எண் 1098. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டுக்கும் பட்டன் போனே போதும்.